‘பரவாயில்லை’க்கு எந்த நம்பர்?

எண்ணூரில் எங்கள் தொழிற்சாலைக்குக் கம்ப்யூட்டர் வந்து இறங்கியது எழுபத்திரண்டில். அதற்குப் புரியும் ஃபோர்ட்ரான் மொழி படித்த ஒரே ஆள் நான். மிஷினும் நானும் சும்மா நிற்பதைப் பார்க்கப் பொறுக்காமல் மேனேஜர் தேவப்பிரியம் சார் ஒரு வேலை கொடுத்தார்.

கேன்டீன் சாப்பாடு எப்படி என்று எல்லாரும் சீட்டில் எழுதிப் போட்டிருந்தார்கள். மோசம், சுமார், பரவாயில்லை, நல்லா இருக்கு, இந்த நாலில் ஒன்று. எல்லாரையும் கீழிருந்து மேலாக வரிசையில் நிறுத்தினால் நட்டநடுவில் நிற்பவன் சொல்வதுதான் தீர்ப்பு. அது ‘நல்லா இருக்கு’ என்று வந்தால்தான் சிலுவையம்மாளுக்கு அடுத்த வருஷமும் கேன்டீன் கான்ட்ராக்ட்.

மிஷினுக்குச் சொல் புரியாது, நம்பர்தான் புரியும். நான் வேறு அவசரக்குடுக்கை. சீட்டு கைக்கு வந்த வரிசைப்படியே சொற்களுக்கு நம்பர் போட்டு, கார்டில் துளைத்து ஓட்டிவிட்டேன். ‘மோசம்’ என்று அடித்துத் தள்ளியது.

சிலுவையம்மாள் கரண்டியோடு வந்துவிட்டார்.

“இன்னாடா செல்வம், என் மீன் கொயம்ப மோசம்னு சொன்ன பொட்டி இதானா? இதுக்கு நாக்கு எங்க கீது, காட்டு!”

“தப்பு என்னுதுக்கா. எது ஒசத்தி, எது மட்டம்னு நான் இதுக்குச் சொல்லவேயில்ல.”

வரிசையைச் சரியாக்கி மறுபடி ஓட்டினேன். ‘பரவாயில்லை’ வந்தது. ஒரு படி குறைச்சல். கான்ட்ராக்ட் போச்சு.

வேடிக்கை பார்க்க வந்த பாய்லர் வால்டர் மெல்ல நழுவப் பார்த்தான். சிலுவையம்மாள் விடவில்லை.

“நீ இன்னா எழுதின?”

“பரவாயில்லன்னுதான்.”

“பாவி! தெனிக்கும் மூணு தபா கொயம்பு வாங்கி ஊத்திக்கினு?”

“யக்கா, எம் பொஞ்சாதி எல்சி பேக்கிங்ல கீறா. வெளிய துன்றது நல்லா கீதுன்னு நான் எழுதுனது தெரிஞ்சா வூட்டு அடுப்புல பூனதான் தூங்கும். கண்ணாலம் ஆனவன் இதுக்கு மேல இன்னா சொல்லுவான்?”

எனக்குப் பொறி தட்டியது. மேனேஜர் அறைக்கு ஓடினேன்.

“சார், பரவாயில்லைய நல்லா இருக்குக்கு மேல ஏத்தணும். நாலாம் நம்பர்.”

“கூறு கெட்டவனே! ஊர் உலகத்துல எங்கயாச்சும் அப்படி உண்டால?”

“நீங்க என்ன எழுதினீங்க சார்?”

மேஜைமேல் வீட்டிலிருந்து வந்த டிபன் கேரியர் திறக்கப்படாமல் இருந்தது. சார் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“கதவைச் சாத்துல.”

சாத்தினேன்.

“நாலுன்னே போடு. ஏன்னு எவன்கிட்டயும் சொல்லாத.”

ஓட்டினேன். நட்டநடுவில், இப்போது மூணாம் நம்பராகிவிட்ட ‘நல்லா இருக்கு’ நின்றது. கான்ட்ராக்ட் நிலைத்தது. குதித்துக்கொண்டே போய்ச் சிலுவையம்மாளிடம் சொன்னேன், புது வரிசையையும் விளக்கினேன்.

அவர் கரண்டியை இடுப்பில் ஊன்றினார்.

“இருடா. நாலுதான் ஒசத்தின்னா எனக்கு இன்னாத்துக்கு மூணு குடுத்துச்சு, உன் பொட்டி?”