முழங்கால் ஆறிய பின்

கபடியில் சத்யப்பிரியா பாடிப் போகிறாள் என்றால் எதிரணிப் பெண்கள் பேச்சை நிறுத்திவிட்டுக் குனிந்து நிற்பார்கள். ஆள் குள்ளம்தான். ஆனால் நடுக்கோட்டைத் தாண்டியதும் அவள் கால் எந்தப் பக்கம் திரும்பும் என்று யாராலும் சொல்ல முடியாது. அந்தக் காலுக்காகவே பெரம்பலூரில் ஒரு கல்லூரியில் அவளுக்கு உடற்கல்விப் படிப்பில் இடம் கொடுத்தார்கள். கல்லூரிக் கபடி அணியின் தலைவி சிவரஞ்சனி, பிடிப்பதில் கெட்டிக்காரி. விடுதியில் இருவருக்கும் அடுத்தடுத்த கட்டில். விளக்கை அணைத்த பிறகும் அன்றைய ஆட்டத்தை இருட்டில் மறுபடி ஆடிக்கொண்டிருப்பார்கள்.

கால் போனது அரியலூரில், ஒரு மாலை ஆட்டத்தில். சுண்ணாம்புக்கல் லாரிகள் கிளப்பிய புழுதி வானத்தில் தங்கி, வெயில் மஞ்சளாகக் கசிந்துகொண்டிருந்தது. இரண்டு பேரைத் தொட்டுவிட்டு அவள் திரும்பும்போது ஒருத்தி கணுக்காலைப் பிடித்தாள். அது எப்போதும் நடப்பதுதான். உடம்பு திரும்பியது, பாதம் மட்டும் களத்து விரிப்போடு ஒட்டிக்கொண்டு திரும்பவில்லை. முழங்காலுக்குள் ஈரச்சுள்ளி முறிவதுபோல ஒரு சத்தம். அவளுக்கு மட்டும் கேட்டது. விழுந்தபடியே கையை நீட்டிக் கோட்டைத் தொட்டாள்.

ஓடிவந்து தலையை மடியில் தூக்கிவைத்த சிவரஞ்சனியிடம் அவள் கேட்ட முதல் கேள்வி, “பாயின்ட் வந்துருச்சாடி?”

“வந்துருச்சு. நீ ஆடாம படு.”

திருச்சியில் ஸ்கேன் எடுத்துப் பார்த்த டாக்டர் ஜவ்வு கிழிந்திருப்பதாகச் சொன்னார். ஆபரேஷன் செய்தால் மறுபடி ஆடலாம், ஆனால் அவசரப்படக் கூடாது என்றார். முதுகில் ஊசி போட்டதும் இடுப்புக்குக் கீழே எல்லாம் மெல்ல அழிந்துபோனது. பச்சைத் துணிக்கு அந்தப் பக்கம் யாரோ எதையோ தட்டிக்கொண்டிருந்தார்கள். அரைத் தூக்கத்தில் அவளுக்கு ஒரு காட்சி வந்தது. அவளுடைய கால்கள் இரண்டும் அவளை விட்டு இறங்கி, மக்காச்சோளக் காட்டு வரப்பில் தனியாக நடந்து போயின. அவள் கூப்பிடவில்லை. போகட்டும் என்று பார்த்துக்கொண்டே படுத்திருந்தாள்.

பச்சைமலை அடிவாரத்தில் இருக்கிற ஊருக்கு அண்ணன் பாலாஜி அவளைக் காரில் கூட்டிவந்தான். அதன் பிறகு வந்த மாதங்களுக்கு உருவமே இல்லை. காலையில் பிசியோதெரபிஸ்ட் சொன்ன பயிற்சி, பிறகு வலி, வலி அடங்கியதும் தூக்கம். ஜன்னலில் மலை சில நாள் பக்கத்தில் இருந்தது, சில நாள் காணாமலே போனது. பட்டை போட்ட காலின் தொடை மெலிந்து, வேறு யாருடையதையோ தன்னுடன் படுக்கவைத்ததுபோல இருந்தது. பகல் தூக்கத்தில் பாடிப் போவாள். வாய் அசையும், பாட்டு வராது. விழித்தால் யாராவது பார்க்க வந்திருப்பார்கள். எல்லாருக்கும் ஒரே கேள்வி.

“மறுபடி எப்பம்மா ஆடப் போற?”

“சீக்கிரம்” என்பாள்.

பாலாஜியின் மனைவி லீலாவதி மட்டும் அதைக் கேட்டதில்லை. தா.பழூர் பக்கம், கொள்ளிடக் கரையில் பிறந்து வளர்ந்தவள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து சத்யா விடுதியில் இருந்ததால் இருவருக்கும் சரியான பழக்கம் இல்லை. அவளைக் குளிக்கவைத்துத் தலை துவட்டுவாள், சாப்பாடு கொண்டுவந்து வைப்பாள், போய்விடுவாள்.

காயம் நன்றாக ஆறிய பிறகு, “நீச்சல்குளம் இருந்தா தண்ணியில நடக்கச் சொல்லுவேன். பாரம் தெரியாது” என்று பிசியோதெரபிஸ்ட் சொன்னார். கூடப் போயிருந்த லீலாவதி வீட்டுக்கு வந்ததும் மாமியாரிடம் சொன்னாள்.

“அத்தை, நாளைக்குச் சத்யாவக் கெணத்துக்குக் கூட்டிட்டுப் போறேன்.”

“அவளுக்கு நீச்சலே தெரியாதுடி. ஒரு கால் வேற சரியில்ல.”

“நான் புடிச்சுக்கிறேன். வயசுக்கு வந்ததுலேர்ந்து புள்ளையக் கெணத்துப் பக்கமே விடாம வெச்சிருந்தா நீச்சல் எங்கேர்ந்து வரும்?”

அம்மாவுக்குக் கோபம்தான். ஆனாலும் தடுக்கவில்லை.

அந்த வருஷம் ஐப்பசி மழை நன்றாகப் பெய்திருந்தது. வெங்காய வயலுக்கு நடுவில் பாறையை வெட்டி இறக்கிய அகலமான கிணற்றில் தண்ணீர் மேல்படிகள்வரை ஏறி நின்றது. லீலாவதி புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு முதலில் இறங்கினாள். சத்யா அவள் கையைப் பிடித்துக்கொண்டு படிப்படியாக இறங்கி, இடுப்பளவு ஆழத்தில் இருந்த பாறைத் திட்டில் நின்றாள்.

நடந்து பார்த்தாள். நொண்டவில்லை. ஆபரேஷனுக்குப் பிறகு முதல்முறையாக இரண்டு கால்களும் ஒரே ஆளுடையவை ஆயின. அவளுக்கு அழுகை வந்தது. லீலாவதி கவனிக்காததுபோல மறுபக்கம் நீந்திப் போனாள்.

சில வாரங்களில் மிதக்கப் பழகினாள். “கழுத்த விறைக்காத. தலகாணியில படுக்கிற மாதிரி படு” என்று முதுகுக்கு அடியில் கை வைத்திருந்தாள் லீலாவதி. காதுகள் தண்ணீருக்குள் போனதும் உலகம் ஒரு சுற்றுத் தள்ளிப் போனது. தூரத்து மோட்டார் சத்தம் பாறைக்குள்ளிருந்து வருவதுபோலக் கேட்டது. மேலே வட்டமாக வானம், அதில் சாவகாசமாகப் போகும் ஒரு மேகம். கை எப்போது விலகியது என்று தெரியவில்லை. மூச்சை இழுத்தால் உடம்பு எழும்பியது, விட்டால் தாழ்ந்தது. கபடியில் மூச்சு என்றால் ஒரே மூச்சு. அது தீருவதற்குள் ஓடிவந்துவிட வேண்டும். இங்கே அது வந்தது, போனது, மறுபடி வந்தது. யாரும் அவளைப் பிடிக்கக் காத்திருக்கவில்லை.

“தூங்கிட்டியா?” என்ற குரல் எங்கிருந்தோ கேட்டது.

“தெரியல அண்ணி” என்றாள்.

அதன் பிறகு அவள் கிணற்றுக்குப் போனது முழங்காலுக்காக அல்ல. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. தனக்கே சொல்லிக்கொள்ளவும் கூச்சமாக இருந்தது.

மாசியில் டாக்டர் காலை மடக்கி, நீட்டி, திருப்பிப் பார்த்துவிட்டு ஆடலாம் என்றார். கல்லூரியில் சிவரஞ்சனி அவளைத் தூக்கிச் சுற்றினாள். பயிற்சியாளர் ராசாங்கம் அவளைக் கொஞ்சம் கொஞ்சமாகக் களத்தில் இறக்கி, பங்குனியில் ஆண்டிமடத்துப் போட்டிக்குக் கூட்டிப்போனார்.

மைதானத்தைச் சுற்றி முந்திரித் தோப்பு. பூத்திருந்ததால் காற்றில் லேசான இனிப்பு வாடை. இரண்டாம் பாதியில் அவளைப் பாடிப் போகச் சொன்னார்கள். போனாள். கால் பழையபடி பேச்சுக் கேட்டது. ஒருத்தியை விரலாலும் இன்னொருத்தியைக் காலாலும் தொட்டுவிட்டு, பாய்ந்து வந்த பிடியிலிருந்து நழுவிக் கோட்டுக்கு வந்து சேர்ந்தாள். கூட்டம் எழுந்து நின்று கத்தியது. அவள் அதைத் தண்ணீருக்கு அடியிலிருந்து கேட்பதுபோலக் கேட்டாள். வலி இல்லை, நடுக்கம் இல்லை. சந்தோஷமும் இல்லை. வேறு யாருக்கோ விழுந்த கைதட்டலை வாங்கிவைத்துக்கொண்டு நிற்பதுபோல இருந்தது. ஆட்டம் முடியும்வரை ஒழுங்காக ஆடினாள். அணி ஜெயித்தது.

வேன் கிளம்புவதற்கு முன் தோப்பு ஓரத்தில் சிவரஞ்சனியிடம் சொன்னாள்.

“சிவா, நான் இனிமே ஆடலடி.”

“வலிக்குதா?”

“இல்ல.”

“அப்ப பயம். மொதல்ல அப்படித்தான் இருக்கும்.”

“பயமும் இல்ல. எனக்குப் பிடிக்கல. தண்ணியில இருக்கிறதுதான் பிடிச்சிருக்கு.”

சிவரஞ்சனி தோளில் இருந்த பையைக் கீழே போட்டாள். “கெணத்துல குளிக்கிறதுக்காகக் கபடிய வுடறேங்கிறியா? எனக்கென்ன காது குத்துறியா?”

ராசாங்கம் திட்டவில்லை. “பயம்னா சொல்லு. அதுக்கு வழி இருக்கு. நெறைய பேரப் பாத்திருக்கேன்” என்றார்.

“பயம் இல்ல சார்.”

அவர் அதை நம்பவில்லை. ஊரிலும் கால் பயத்தால் அவள் விட்டுவிட்டாள் என்றே பேசிக்கொண்டார்கள். சத்யா சில பேரிடம் மறுத்துப் பார்த்தாள். பிறகு விட்டுவிட்டாள். சிவரஞ்சனி கட்டிலை வேறு அறைக்கு மாற்றிக்கொண்டாள். அந்தக் காலிக் கட்டிலைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்த நாட்களில், மறுபடி ஆடிவிடலாமா என்று அவளுக்குத் தோன்றியது உண்டு. ஆனால் சிவாவுக்காக ஆடினால் அதையும் சிவா கண்டுபிடித்துவிடுவாள்.

படிப்பு முடிந்ததும் அரியலூரில் ஒரு பள்ளியில் விளையாட்டு ஆசிரியை வேலை கிடைத்தது. நீச்சலில் அவள் எந்தப் போட்டிக்கும் போகவில்லை. அவள் வேகத்துக்குப் பள்ளிப் பிள்ளைகளே முந்திவிடுவார்கள். குளிர் நாட்களில் முழங்கால் இறுகிக்கொள்ளும், கொஞ்ச நேரம் கையால் தேய்த்துவிட்டுத்தான் கட்டிலை விட்டு இறங்குவாள். ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போனால் அவளும் லீலாவதியும் கிணற்றில் மிதப்பார்கள். பேசுவதும் உண்டு, பேசாமல் கிடப்பதும் உண்டு.

அடுத்த மழைக்குப் பிறகு ஒரு ஞாயிறு, சொல்லாமல் சிவரஞ்சனி வந்து நின்றாள். போலீஸ் அணிக்குத் தேர்வாகியிருந்தாள். தோள்பட்டையில் பிளாஸ்திரி. ஒரு பிடியில் எலும்பு விலகி, அதை ஏற்றிவிட்டிருந்தார்கள்.

“சும்மாதான் வந்தேன். அது என்ன அப்படி ஒரு கெணறுன்னு பாக்கணும்னு” என்றாள்.

பேன்ட்டைச் சுருட்டிக்கொண்டு படியில் உட்கார்ந்து கால்களைத் தண்ணீரில் விட்டாள். லீலாவதி ஒரு கையால் அவள் இடுப்பைப் பிடித்துத் திட்டில் இறக்கி நிறுத்தினாள். சிவரஞ்சனி நாலா பக்கமும் பார்த்தாள், வானத்தைப் பார்த்தாள், ஒரு கையால் தண்ணீரை அள்ளித் தலையில் விட்டுக்கொண்டாள், கண்ணை மூடி நின்றாள். எல்லாம் முறைப்படி செய்து பார்த்தாள்.

“எப்படி இருக்கு?” என்று கேட்டாள் சத்யா.

“நல்லாத்தான் இருக்கு. ஆனா எனக்கு ஆகாதுடி. புடிக்கிறதுக்கு ஒரு ஆளு வேணாமா?”

சத்யா சிரித்துவிட்டாள். சிவரஞ்சனியும் சிரித்தாள். தோள் வலித்ததால் அவள் சிரிப்பு பாதியில் நின்றது.

“அடுத்த மாசம் மேட்ச் இருக்கு, தஞ்சாவூர்ல. தோள் சரியாயிட்டா ஆடுவேன்” என்றாள்.

“வரேன். உக்காந்து பாக்கிறேன்.”

சிவரஞ்சனி தலையாட்டினாள். பிறகு படியேறி வெயில் விழுந்த பாறையில் போய்ப் படுத்துக்கொண்டாள். லீலாவதி அவள் பக்கத்தில் உட்கார்ந்து தலையைத் துவட்டிவிட்டாள். சத்யா திட்டைக் காலால் உந்தி விலகி, நடுக்கிணற்றுக்கு மெதுவாகப் போனாள்.