அண்ணனுக்கு இருந்த தசை

என் அண்ணன் கிறிஸ்துதாஸுக்கு வலது அக்குளில் ஒரு தசை அதிகம். கையைத் தூக்கினால் முதுகிலிருந்து மார்புப் பக்கமாகக் கொடிக்கயிறு மாதிரி விறைத்துக்கொண்டு நிற்கும். சின்ன வயதில் அதை விரலால் சுண்டுவேன். அவன் "டொய்ங்" என்பான். இந்த ஆட்டம் எங்கள் இருவருக்கு மட்டும்தான் தெரியும். அம்மாவிடம்கூடச் சொன்னதில்லை.

பெரியவனான பிறகு தோள்வலி என்று தண்டலத்துப் பக்கம் ஒரு ஆஸ்பத்திரிக்குப் போனான். டாக்டர் தன் மாணவர்களையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினாராம். சிலருக்கு முதுகுத் தசையிலிருந்து இப்படி ஒரு பட்டை பிரிந்து போகுமாம். வியாதி இல்லை, ஆனால் பிறக்கும்போதே இருக்க வேண்டும், நடுவில் முளைக்காது என்றாராம். அண்ணனுக்குத் தலைகால் புரியவில்லை. வீட்டுக்கு யார் வந்தாலும் சட்டையைக் கழற்றிக் கையைத் தூக்கிவிடுவான்.

போன மழைக்காலத்தில் டெங்குவில் போய்விட்டான். ஆண்டவரோடு எனக்கு இன்னும் பேச்சுவார்த்தை இல்லை.

அவனும் என் கணவர் டெனிசனும் ஒரகடத்தில் ஒரே கம்பெனி, ஒரே லைன். தலைக்கு மேல் கார் தொங்கிக்கொண்டு வரும். கீழே நின்று, கையைத் தூக்கியபடியே ஷிஃப்ட் முழுக்க போல்ட் முடுக்க வேண்டும். தோள் போய்விடக் கூடாதென்று ஸ்பிரிங் வைத்த ஒரு சட்டம் கொடுத்திருக்கிறார்கள். பை மாதிரி முதுகில் மாட்டிக்கொண்டால் தூக்கிய கையைத் தாங்கிப் பிடிக்கும். லைனில் அதற்கு ரெக்கை என்று பெயர். அவரவர் உடம்புக்கு வாரை இறுக்கி வைத்துவிட்டால் இன்னொருவர் தொட மாட்டார். அண்ணன் போனதும் அவன் ரெக்கையை இவர் கேட்டு வாங்கிக்கொண்டார்.

"மச்சான் கூடவே கீற மாதிரி இருக்குது" என்றார். எனக்கும் அது பிடித்திருந்தது.

நைட் ஷிஃப்ட் முடிந்து காலையில் வருவார். குப்புறப் படுக்கச் சொல்லி முதுகுக்குத் தைலம் தேய்ப்பேன். தவக்காலம் தொடங்கிய சமயம், ஒருநாள் வலது அக்குளில் என் விரல் எதிலோ இடறியது. கட்டியோ என்று பயந்துபோனேன்.

"கையத் தூக்குங்க" என்றேன். தூக்கினார். அது விறைத்துக்கொண்டு நின்றது.

கல்யாணமான நாளிலிருந்து தேய்க்கிற முதுகு. அதில் எது உண்டு, எது இல்லை என்று எனக்குத் தெரியாதா?

"இன்னாடி பாக்குற?"

"அழுக்கு" என்றேன்.

நாளாக நாளாக அது தடித்தது. ரசம் என்றாலே முகத்தைச் சுளிக்கிறவர், அண்ணனைப் போல டம்ளரில் ஊற்றித் தரச் சொல்லிக் குடித்தார். என்னைத் தொடுவது நின்றது. பாயை எடுத்துக்கொண்டு வெளி அறைக்குப் போனார். என் பெயர் சட்டென்று அவர் வாயில் வரவில்லை. என் புருஷன் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டிருந்தார். அந்த ரெக்கையைத் தூக்கிப் போடுங்கள் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அண்ணன் வந்துகொண்டிருந்தானே!

ஒரு காலை, தேய்த்துக்கொண்டிருக்கும்போது அவரே பேச்சை எடுத்தார்.

"புது ரெக்கை வந்துகீது. பழச குடுத்துட்டு வாங்கிக்கலாம்னு சூப்பர்வைசர் சொல்றாரு. மாத்திக்கட்டா?"

"எதுக்கு? பழகினதே இருக்கட்டும்."

சரியென்று கண்ணை மூடினார். குறட்டை வந்தது. தலைக்கு மேல் நீட்டிக் கிடந்த கையின் கீழே அந்தத் தசை ஜன்னல் வெயிலில் எண்ணெய் மினுங்க நின்றது. நான் சுண்டினேன்.

"டொய்ங்."

தைலப் பாட்டில் கையிலிருந்து நழுவி உருண்டது. பயமாகத்தான் இருந்தது. ஆனால் அந்தப் பயத்தைவிடச் சந்தோஷம்தான் பெரிதாக இருந்தது.

"அண்ணா" என்றேன்.

தலையணைக்குள்ளிருந்து அதே குரல் வந்தது. தன் தட்டு மீனை என் தட்டில் வைத்துவிட்டு, சாப்பிடு என்று அதட்டுவானே, அந்தக் குரல்.

"மாத்தச் சொல்லு பாப்பா. உள்ள மாப்ளைக்கு இடமே இல்ல."

"மாட்டேன். நீ போகாதண்ணா" என்று சின்னப் பிள்ளையாட்டம் அழுதேன். மறுபடி குறட்டைதான் கேட்டது.

சாயங்காலம் எழுந்தவர் என் வீங்கிய முகத்தைப் பார்த்துப் பதறிவிட்டார். "இன்னாச்சு..." என்று ஆரம்பித்தவருக்கு என் பெயர் கிடைக்கவில்லை. உதடு அசைய அசையத் தேடினார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது அவருக்கு.

"ஜெர்சி" என்று நானே எடுத்துக் கொடுத்தேன். "இன்னிக்கே அந்த ரெக்கைய மாத்திடுங்க."

மாற்றினார். ஈஸ்டருக்குள் அக்குள் பழையபடி ஆனது. பாயும் உள்ளே வந்துவிட்டது.

இப்போதும் தைலம் தேய்க்கும்போது அந்த இடத்தில் ஒரு தடவை சுண்டிப் பார்க்கிறேன். கூச்சத்தில் நெளிகிறார்.

"கைய எடு ஜெர்சி" என்கிறார்.