குப்பியில் என்ன நிறம்

முதலில் கண்ணைக் கசக்கிக்கொண்டு வெளியே வந்தவர்கள் சின்னப் பிள்ளைகள்தான். பிறகு பெரியவர்களும் ஒவ்வொருவராக ஏணியைப் பிடித்து ஏறினார்கள். "ஐயோ எரியுது, எரியுது" என்று ஒரே கூச்சல். கடைசியாக ஏறியவள் குளத்துக்காரரின் மகள். அந்த நீச்சல் குளத்துத் தண்ணீரைப் பார்த்துக்கொள்வதுதான் அவர் வேலை. போட்டிக்குத் தயாராகிக்கொண்டிருந்த பெண், அந்த எரிச்சலிலும் கடைசிச் சுற்றை முடித்துவிட்டுத்தான் வந்தாள். பிடிவாதம் யாரிடமிருந்து வந்தது என்று தனியாகச் சொல்ல வேண்டுமா?

"கண்ணு எப்படிச் செவந்து கிடக்கு பாருங்க!" என்று ஒரு தாய் தன் பிள்ளையின் முகத்தை அவர் பக்கம் திருப்பினாள். பார்த்தார். ஈரம் தெரிந்தது. சிவப்பு தெரியவில்லை. அவருக்கு என்றைக்கும் தெரிந்ததில்லை.

தினமும் காலையில் குளத்துத் தண்ணீரைக் குப்பியில் எடுத்து, சோதனை மருந்தைச் சொட்டுவிட்டுப் பார்க்க வேண்டும். மஞ்சளானால் அமிலம் மிஞ்சிவிட்டது, சிவப்பானால் காரம் மிஞ்சிவிட்டது, ஆரஞ்சு என்றால் சரியாக இருக்கிறது. பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் விளங்கும் சங்கதி. அவருக்கும் விளங்கும், நிறம் மட்டும்தான் பிடிபடாது. அதனால் குப்பியைப் படம் எடுத்து வீட்டுக்கு அனுப்புவார். மனைவி அடுப்படியிலிருந்தே "ஆரஞ்சு" என்றோ "செவப்பு" என்றோ பதில் போடுவாள். இத்தனை வருஷமாக வண்டி அப்படித்தான் ஓடியது. நேற்று இருவருக்கும் வாய்த்தகராறு. "நான் இல்லாட்டி உங்க பொழப்பு நாறிடும்" என்று அவள் ஒரு வார்த்தை விட்டுவிட்டாள். சுருக்கென்று தைத்தது. இன்று அவர் படம் அனுப்பவில்லை. குப்பியை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, சிவப்பாகத்தான் இருக்கும் என்று தானே முடிவுகட்டி, ஆசிட்டை ஊற்றிவிட்டார். என்ன வீறாப்பு வேண்டிக் கிடக்கிறது!

மேலாளர் ஓடிவந்தார். "காலைல செக் பண்ணீங்களா இல்லையா?"

"பண்ணேன் சார். மருந்து... மருந்து கெட்டுப்போச்சு போல. தப்பா காட்டிருச்சு."

பொய் வழுக்கிக்கொண்டு வந்தது. மேலாளர் அலமாரியிலிருந்து புது மருந்தை எடுத்து நீட்டினார். "இப்ப எல்லார் முன்னாடியும் செக் பண்ணுங்க. என்ன நிறம்னு சத்தமா சொல்லுங்க."

சொட்டுவிட்டார். சுற்றி நின்ற அத்தனை பேரும் அவர் வாயையே பார்த்தார்கள். முதுகுக்குப் பின்னால், துண்டால் மூக்கைத் துடைப்பதுபோல மகள் முணுமுணுத்தாள்: "மஞ்சள்."

"மஞ்சள்" என்றார் உரக்க. "ஆசிட் ஜாஸ்தி. நான் சரி பண்ணிடறேன் சார்."

"அந்தக் கருமத்த முதல்ல தூக்கிப் போடுங்க" என்று மேலாளர் பழைய மருந்துப் புட்டியைக் குப்பைத்தொட்டியில் எறிந்தார். ஒரு பாவமும் அறியாத மருந்து. கூட்டம் கலைந்தது. அந்தத் தாய்கூட, "நீங்க என்ன பண்ணுவீங்க, பாவம்" என்று சொல்லிவிட்டுப் போனாள். நாண்டுகொண்டு சாகலாம் போலிருந்தது அவருக்கு.

மகள் மட்டும் போகவில்லை.

"அம்மா ஃபோன்ல குப்பிப் படமெல்லாம் பாத்திருக்கேன்பா" என்றாள். பிறகு துண்டை இறக்கி, அவர் முகத்துக்கு நேரே வந்து நின்றாள். "என் கண்ணு இப்ப எப்படி இருக்கு? நீங்களே பாத்துச் சொல்லுங்க."

பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். இந்த முறை பின்னாலிருந்து எடுத்துக்கொடுக்க யாரும் இல்லை. அத்தனை எரிச்சலிலும் அவள் இமைக்காமல், கண்ணை அகலத் திறந்து வைத்துக்கொண்டு நின்றாள்.