பதினோரு வருடத் தற்காலிகம்

"அவ்வளவு கஷ்டமா இருந்தா கிளம்ப வேண்டியதுதானே சார். உங்கள யாரு இங்க கட்டிப் போட்டு வெச்சிருக்காங்க?"

"கிளம்பறதப் பத்தி நான் கேக்கவே இல்ல. ஒரு கையெழுத்து கேட்டேன்."

"இந்த மாநிலத்துல மனுஷன் வாழ முடியுமான்னு போன வாரம் இதே படியில நின்னுதான் கேட்டீங்க. இன்னிக்கு இவர் இங்கதான் நிரந்தரமா வாழப்போறாருன்னு நான் சாட்சி போடணுமா?"

"மூச்சு முட்டுதுன்னு சொன்னேன். முட்டத்தானே செய்யுது."

"முட்டட்டும். எங்களுக்கும்தான் முட்டுது. நாங்க என்ன ஊரக் கூட்டியா சொல்றோம்?"

ஊரைக் கூட்டித்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள் இரண்டு பேரும். இரண்டாம் மாடி, மூன்றாம் மாடி எல்லாக் கதவும் ஒரு சாண் திறந்திருந்தது. நான் துவைத்த துண்டை உதறுகிற சாக்கில் வாசலுக்கு வந்திருந்தேன். ஒரே துண்டை எவ்வளவு நேரம் உதற முடியும் என்று யாரும் கேட்கவில்லை.

கையெழுத்து கேட்டவர் என் எதிர்வீட்டு லிஃப்ட் மெக்கானிக். மறுத்தவர் மூன்றாம் மாடி டிரைவிங் ஸ்கூல்காரர், எங்கள் குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர். சங்கத்துக்குத் தலைவர் கிடையாது, பொருளாளர் கிடையாது. செயலாளர் மட்டும் இருக்கிறார், அதுவும் வேறு யாரும் மாட்டேன் என்றதால்.

விஷயம் இதுதான். மெக்கானிக்கின் மகளுக்கு அரசுக் கல்லூரியில் பிசியோதெரபி படிக்க மார்க் இருக்கிறது. ஆனால் அந்த இடங்கள் இந்த மாநிலத்தில் குடியிருப்பவர்களின் பிள்ளைகளுக்கு மட்டும். பெற்றோர் இங்கே பத்து வருடம் வசித்ததாக இருப்பிடச் சான்றிதழ் வேண்டும். பிள்ளை இங்கே படித்தது கணக்கில் சேராதாம், விடுதியில் தள்ளிவிட்டுப் போகிற பெற்றோர் இருக்கிறார்களாம். போன வருடம் சான்றிதழ் இல்லாமல் அந்தப் பெண்ணின் விண்ணப்பம் திரும்பி வந்தது. ஒரு வருடம் வீட்டில் சும்மா உட்கார்ந்தாள். இந்த வருடம் வெள்ளிக்கிழமை நாலு மணி கடைசி. இந்தத் தடவையும் போனால் வயது வரம்பும் தாண்டிவிடும். சண்டை நடந்தது செவ்வாய்க்கிழமை.

பத்து வருடம் என்ன, அவர் குடும்பம் வந்து பதினோரு வருடம் ஆகிவிட்டது. ஆனால் காகிதத்தில் அவர் இங்கே வரவே இல்லை. வந்த புதிதில், "ரெண்டே வருஷம்க்கா, அப்புறம் எங்க மாநிலத்துக்கே மாத்தல் வாங்கிட்டுப் போயிடுவேன்" என்றார். ஓட்டு அங்கே, பேங்க் அங்கே, லைசென்ஸ் அங்கே. சம்பளச் சீட்டில்கூடப் பழைய ஊர் விலாசம்தான், அவரே கேட்டு வாங்கியது. வீட்டுக்காரர் வெளிநாட்டில். வாடகைக்கு ஒப்பந்தம் கிடையாது, கரண்ட் பில் வீட்டுக்காரர் பெயரில். நாளைக்கே கிளம்புகிறவன் போல ஒரு மனிதர் பதினோரு வருடம் குடியிருந்தால் இப்படித்தான் ஆகும்.

கிளம்பவும் இல்லை, வாயும் ஓயவில்லை. எங்கள் தெருவை முதலில் குழாய்க்குத் தோண்டினார்கள், பிறகு கேபிளுக்கு, பிறகு குழாய் எங்கே போட்டோம் என்று பார்ப்பதற்கு. ஒவ்வொரு தடவையும் குழிக்குப் பக்கத்தில் நின்று, "எங்க பக்கத்துல இப்படி நடக்காது" என்பார். சுவர் வேர்த்தால், "எங்க பக்கத்துல வேர்க்காது." பஸ் நிறுத்தத்தைத் தாண்டி நின்றால், "எங்க பக்கத்துல தாண்டாது." ஒரு நாளைக்கு நாலு தடவை கரண்ட் போய்ப் போய் வரும் ஊரில் லிஃப்ட் ரிப்பேர் செய்கிறவர் அவர். இரண்டு மாடிக்கு நடுவில் மாட்டிக்கொண்டவர்களை வெளியே எடுத்துவிட்டு, அவர்கள் நன்றி சொல்வதற்குள் மாநிலத்தைத் திட்ட ஆரம்பித்துவிடுவார். அவர்களும் அந்த நேரத்தில் ஆமாம் என்பார்கள்.

சொல்லப்போனால் நாங்கள் எல்லோருமே அதைத்தான் சொல்கிறோம். எனக்கு இங்கே என்ன பிடிக்கும் என்று கேட்டால் யோசிக்க அரை நாள் வேண்டும். ஆனால் வெளியிலிருந்து வந்தவர் சொல்லும்போது மட்டும் எங்களுக்குச் சுருக்கென்கிறது. அது என்ன நியாயம் என்று எனக்குத் தெரியாது, சுருக்கென்கிறது, அவ்வளவுதான்.

வாயால் திட்டியது போதாதென்று எழுதியும் போடுவார். சாக்கடைக்கு மனு, பஸ்ஸுக்கு மனு, தெருவிளக்குக்கு மனு. வீட்டுக்குள் அவர் பெயர் என்னவோ, கட்டடம் முழுக்க அவர் மனுக்காரர்தான்.

புதன்கிழமை வட்டார அலுவலகத்துக்கு அப்பாவும் மகளும் போனார்கள். முதல் சாட்சியாகக் கையெழுத்துப் போட ஒப்புக்கொண்டது நான் என்பதால் நானும் போனேன். சாட்சி வேண்டாம் என்றிருந்தாலும் போயிருப்பேன்.

அலுவலகத்தில் அவரைத் தெரியாதவர்கள் கிடையாது. சான்றிதழ் கவுன்ட்டரில் இருந்த பெண்தான் புகார் மனுக்களையும் பார்க்கிறவர். இவரைப் பார்த்ததும் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். தலைக்கு மேல் ஃபேன் இருந்தது, சுற்றவில்லை.

"இப்ப எந்தத் தெரு சார்?"

"புகார் இல்ல மேடம். இருப்பிடச் சான்றிதழ்."

அந்தப் பெண் எழுந்து போய்க் குழந்தையைத் தூக்குவது போல இரண்டு கையாலும் ஒரு ஃபைலைத் தூக்கி வந்தார். "இதெல்லாம் உங்க கையெழுத்துதான? நீங்களே பாருங்க. 'மேற்படி முகவரியில் தற்காலிகமாக வசித்து வரும், வேறு மாநிலத்தைச் சேர்ந்த நான்...' எல்லா மனுவும் இப்படித்தான் ஆரம்பிக்குது. நீங்களே தற்காலிகம்னு எழுதிக் குடுத்துட்டு, இப்ப வந்து இங்கதான் குடியிருக்கேன்னா நான் எப்படி சார் சான்றிதழ் குடுக்கறது? மேல கேட்டா என்ன சொல்றது?"

மனுக்காரர் மேலே இருந்த மனுவைத் திருப்பிப் பார்த்தார், தன் கையெழுத்துதான். அவர் முகத்தைப் பார்க்க எனக்கே ஒரு மாதிரி இருந்தது.

மகள் அப்பாவைத் தாண்டிக் கவுன்ட்டருக்கு முன்னால் வந்தாள். அவள் கோபப்படவில்லை. கோபப்பட்டுக் களைத்துப்போனவள் போலத்தான் பேசினாள்.

"மேடம், அதுல முதல் மனு எந்தத் தேதி?"

அந்தப் பெண் அடியிலிருந்து உருவிப் பார்த்தார். "பதினோரு வருஷத்துக்கு முன்னாடி. சாக்கடை."

"கடைசி?"

"போன மாசம். சாக்கடைதான்."

"நடுவுல எந்த வருஷமாவது மனு இல்லாம இருக்கா?"

விரலை ஈரப் பஞ்சில் தொட்டுத் தொட்டு ஒவ்வொன்றாகப் புரட்டினார். பின்னால் வரிசையில் நின்றவர்கள் முனக ஆரம்பித்தார்கள். "இல்லம்மா. ஒரு வருஷம் நாலு போட்டிருக்காரு."

"விலாசம்?"

"எல்லாம் ஒரே விலாசம்."

"முத்திரை யாரோடது மேடம்?"

"எங்களோடதுதான்."

"அப்ப அவர் இங்கதான் இருந்தாருன்னு நீங்களே வருஷா வருஷம் முத்திரை குத்தியிருக்கீங்க. பத்து வருஷம் இருந்தாரான்னுதான ரூல் கேக்குது. தற்காலிகமா இருக்கக் கூடாதுன்னு இருக்கா?"

அந்தப் பெண் ஃபைலைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். ஓய்ந்துபோன முகத்தில் மெல்ல ஒரு சிரிப்பு வந்தது. "நானும் இந்த ஊருக்கு மூணு மாசத்துக்குன்னுதான் வந்தேன். அஞ்சு வருஷமாச்சு. சரி, இதை ஆதாரமா சேத்துக்கறேன். ஆனா அப்பா ஒரு உறுதிமொழி எழுதணும், அவர் கையால. ரெண்டு சாட்சி, இந்த மாநிலத்துலயே பிறந்தவங்க."

உறுதிமொழியின் வாசகம் சுவரில் ஒட்டியிருந்தது. *இம்மாநிலத்தை என் நிரந்தர இருப்பிடமாக ஏற்கிறேன். திரும்பிச் செல்லும் எண்ணம் எனக்கு இல்லை.* இரண்டே வாக்கியம். மனுக்காரர் பேனாவைத் திறந்து 'இம்மாநிலத்தை' வரைக்கும் எழுதினார். அப்புறம் பேனா நகரவில்லை. சாக்கடைக்கு மூன்று பக்கம் எழுதுகிற கை அது.

"நாளைக்கு எழுதறேன்" என்று காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். பஸ்ஸில் மகள் அவர் பக்கத்தில் உட்காரவில்லை, என் பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் இரண்டு தடவை பேச்சுக் கொடுத்துப் பார்த்தேன், "விடுங்கத்தை" என்றாள்.

சாயங்காலம் டீத்தூள் கடன் கேட்கிற மாதிரி எதிர்வீட்டுக்குப் போனேன். மெக்கானிக்கின் மனைவி கண்ணாடிக் கடையில் நாள் முழுக்க நின்றுகொண்டே வேலை செய்கிறவர். அப்போதுதான் வந்து, தரையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். அவர் எதிரே நாற்காலியில் இவர், கையில் அந்தக் காகிதம்.

"என்னங்க, எழுதினீங்களா?"

"பொய்யா எப்படி எழுதறது? திரும்பிப் போற எண்ணம் இல்லைன்னு எழுதச் சொல்றாங்க."

"எங்க திரும்பிப் போகப்போறீங்க? உங்க தம்பி வீட்ட இடிச்சு நாலு போர்ஷன் கட்டி நாலுலயும் ஆள் வெச்சாச்சு. போன தடவ போனப்ப நாம லாட்ஜுலதான தங்கினோம்."

அவர் காகிதத்தைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தார்.

"அங்க கரண்ட் போகலயா? நாம இருந்த மூணு நாளும் போச்சு. நீங்க அத வெளியில சொல்லல, நானும் சொல்லல."

"அதுக்காக இந்த மாநிலம் நல்லாருக்குன்னு சொல்லச் சொல்றியா?"

"யாரு சொல்லச் சொன்னா? எனக்கும்தான் இங்க பிடிக்கல. இந்தப் புழுக்கம் பிடிக்கல, இந்த பஸ்ஸு பிடிக்கல, பக்கத்து வீட்டுல என்ன நடக்குதுன்னு பாக்கறவங்களப் பிடிக்கல." என்னைப் பார்த்து, "உங்களச் சொல்லலக்கா" என்றார். என்னைத்தான் சொன்னார். "ஆனா அந்தக் காகிதத்த நல்லாப் படிங்க. இங்க இருப்பேன்னுதான் கேக்கறாங்க. பிடிச்சிருக்கான்னு கேக்கல. பிடிச்சவங்க மட்டும்தான் இருக்கணும்னா இந்தத் தெருவுல யாரு இருப்பா? எழுதிக் குடுத்துட்டு அப்புறம் திட்டுங்க, யாரு வேண்டாங்கறா."

அவர் பேனாவைத் திறந்தார். எழுதியதை நான் பார்க்கவில்லை. அவர்கள் டீத்தூளைக் கையில் கொடுத்துவிட்டதால் அதற்கு மேல் நிற்க முடியவில்லை. மறுநாள் காலையில் காகிதம் மேஜைமேல் முழுசாக எழுதி இருந்தது. மேஜை வாசலிலிருந்து தெரியும்.

மிச்சம் ஒரு சாட்சி. மற்ற வீடுகளில் இருப்பவர்களில் பாதிப் பேர் வேறெங்கோ பிறந்தவர்கள், மீதிப் பேர் அரசாங்கக் காகிதம் என்றாலே கதவைச் சாத்துகிறவர்கள். செயலாளரை விட்டால் ஆளில்லை. வியாழக்கிழமை மகளே மூன்றாம் மாடிக்கு ஏறினாள். துணைக்கு நான். அவர் வேலைக்குக் கிளம்புகிற நேரம். பழகுகிறவர்கள் ஓட்டும் காரின் சாவியை விரலில் சுழற்றிக்கொண்டு நின்றார்.

"உங்க அப்பாகிட்டயே சொல்லிட்டேம்மா. உன்மேல எனக்கு ஒண்ணும் இல்ல."

"கையெழுத்து வேணாம் மாமா. ஒண்ணு கேக்கணும். உங்களுக்கு இந்த மாநிலம் பிடிச்சிருக்கா?"

"என்ன கேள்வி இது? பிறந்த இடம்."

"பிடிச்சிருக்கா?"

செயலாளர் சாவியைப் பார்த்தார். பிறகு ஆரம்பித்தார். டிரைவிங் சொல்லிக்கொடுக்கும் மைதானத்தை எடுத்துக்கொண்டு வேறு இடம் தருகிறேன் என்றவர்கள் ஆறு வருடமாகத் தரவில்லை. லைசென்ஸ் தேர்வு வைக்கும் கம்ப்யூட்டர் வாரத்தில் இரண்டு நாள்தான் வேலை செய்கிறது. நன்றாக ஓட்டுகிறவன் தோற்கிறான், கியர் எதுவென்று தெரியாதவன் ஜெயிக்கிறான். சொல்லிக்கொடுக்க ரோடே இல்லை, குழியில் ஓட்டத்தான் சொல்லிக்கொடுக்க முடிகிறது. கடைசியில் மகன் விஷயத்துக்கு வந்தார். "படிச்ச படிப்புக்கு இங்க வேலையே இல்லன்னு போயிட்டான். போன்ல பேசறப்ப, இன்னும் அங்கயா இருக்கீங்கன்னு கேக்கறான். ஜெயில்ல இருக்கறவனக் கேக்கற மாதிரி." குரல் இறங்கிவிட்டது. சாவி சுற்றுவதும் நின்றுவிட்டது.

"இவ்வளவு பேசறதுக்கு உங்களுக்கு உரிமை இருக்கு, ஏன்னா இது உங்க மாநிலம். இல்லையா மாமா?"

"பின்ன?"

"அப்பாவும் பதினோரு வருஷம் திட்டியிருக்காரு. இன்னும் எத்தன வருஷம் திட்டினா அவரோடதாகும்?"

செயலாளர் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். "உன்ன பிசியோதெரபிக்கு அனுப்பறது தப்பு. வக்கீலுக்குப் படிக்க அனுப்பணும்" என்றபடி பேனாவுக்குக் கை நீட்டினார். போட்டுவிட்டுத் தலை நிமிராமல், "அடுத்த சாக்கடை மனுவுல என் பேரையும் சேத்துக்கச் சொல்லு. முதல்ல போடச் சொல்லு" என்றார்.

வெள்ளிக்கிழமை மூன்றரைக்கு முத்திரை விழுந்தது. யாரும் குதிக்கவில்லை, கட்டிக்கொள்ளவில்லை. சான்றிதழைக் கையில் வாங்கிய மெக்கானிக் அதை இரண்டு தடவை படித்தார். பிறகு, "இந்த ஆபீஸ்ல வயசானவங்க உக்கார ஒரு பெஞ்சு கிடையாது பாருங்க" என்றார். "எங்க பக்கத்துல" என்று சேர்க்கவில்லை. வாய்வரை வந்ததை நான் பார்த்தேன்.

நாலு மணிக்குள் மகள் சான்றிதழைப் போனிலேயே விண்ணப்பத்தோடு அனுப்பிவிட்டாள். இரண்டாவது பட்டியலில் அவளுக்கு இடம் கிடைத்தது. அவள் மூன்றாம் வருடம் படிக்கும்போது, மெக்கானிக்குக் கம்பெனி தானாகவே அவர் மாநிலத்துக்கு மாற்றல் கொடுத்தது. அவர் போகவில்லை. ஏன் என்று கேட்டேன், நான் கேட்காமல் யார் கேட்பது. "எழுதிக் குடுத்துட்டேனேக்கா" என்றார். படித்துக்கொண்டிருக்கும் பெண்ணின் சான்றிதழுக்கு ஏதாவது ஆகிவிடும் என்று பயமா, எழுதியதற்குக் கட்டுப்பட்டாரா, தம்பி இடித்த வீடும் தங்கின லாட்ஜும் நினைவுக்கு வந்ததா, தெரியாது. சுவர் இன்னும் வேர்க்கிறது, அவரும் இன்னும் திட்டுகிறார்.

மூன்று மாதத்துக்கென்று வந்த கவுன்ட்டர் பெண் ஏழாம் வருடம் மாற்றல் கிடைத்துப் போய்விட்டார். செயலாளர் டிரைவிங் ஸ்கூலை மூடிவிட்டு மகனிடம் போனார். அங்கே யாரிடமும் பேச்சுக் கொடுக்க முடியவில்லை என்று வாரம் ஒரு தடவை எனக்குப் போன் செய்து இங்கத்திய சாக்கடையை விசாரிக்கிறார். மகளுக்குப் போன வருடம் கல்யாணம். மாப்பிள்ளை அவள் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியிலேயே எக்ஸ்ரே எடுப்பவர், இங்கேயே பிறந்து வளர்ந்தவர், நல்ல பையன். இந்த மாநிலம் அவருக்குச் சுத்தமாகப் பிடிக்காது. போன மாதம் இரண்டு பேரும் வெளிநாட்டு வேலைக்குக் கிளம்பிப் போனார்கள். வீடு பிடித்துக் கொடுக்கிறேன் என்று, மெக்கானிக்கை இங்கே விட்டுவிட்டு அவள் அம்மாவும் கூடப் போயிருக்கிறார். திரும்பும் தேதி இன்னும் சொல்லவில்லை.