முகப்பூச்சு காய்வதற்குள் மூன்றாம் விதி

1

மானுட குலம் சற்றே நிமிர்ந்து உட்காரட்டும். மேல்நிலை இயற்பியலில் புதிதாகக் காலடி வைக்கும் மாணவ மாணவியர் எப்படிப் படிக்க வேண்டும் என்ற கேள்விக்கு, இதுவரை எவரும் கண்டிராத இறுதி விடையை நான் இந்தப் பக்கங்களில் வெளியிடப் போகிறேன். இருமல் இருப்பவர்கள் இப்போதே இருமிவிடவும்.

சரி, உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இது கதையாகப் பிறக்கவில்லை. ஒரு பள்ளிக்கூடத்தின் கையேட்டுக்கு எட்டுப் பக்கக் கட்டுரையாகப் பிறந்திருக்க வேண்டியது. பத்திரிகையில் வாரம் ஒருமுறை நான் யாரையாவது கிண்டல் செய்து எழுதுவதைப் படித்துவிட்டு, தலைமையாசிரியர் கூப்பிட்டு அனுப்பினார். எழுதத் தெரிந்தவனுக்கு எல்லாம் தெரியும் என்பது அவர் நம்பிக்கை. எனக்குத் தெரிந்த இயற்பியல், கை தவறினால் டம்ளர் கீழே போகும் என்பதோடு முடிந்தது.

“ஐயா, அறிவுக் கடலின் கரையில் நிற்கும் இளந்தளிர்களுக்குத் தங்கள் பேனா கலங்கரை விளக்கமாக வேண்டும்” என்றார் அவர்.

கடற்கரையில் தளிர் நின்றால் உப்புக்காற்றில் கருகிவிடுமே என்று வாயெடுத்தேன். பக்கத்தில் நின்ற இயற்பியல் டீச்சர் ‘சும்மா இருங்க’ என்று கண்ணாலேயே சொன்னார். பிறகு வராந்தாவில் என்னை மடக்கினார்.

“சார், பிள்ளைங்க புத்தகத்தை மூடி வெச்சுட்டு ஒரு கணக்கைத் தானா போட்டுப் பார்த்தா போதும். அதை மட்டும் எழுதுங்க.”

“அது ஒரு வரிதானே டீச்சர்? அவர் எட்டுப் பக்கம் கேட்டிருக்கார்.”

“மீதி ஏழே முக்கால் பக்கம் உங்க பாடு.”

நீங்கள் படித்துக்கொண்டிருப்பது அந்த ஏழே முக்கால் பக்கம்.

2

முதல் தொடக்கம்: இயற்பியல் என்பது இயற்கையின்

(நிறுத்திவிட்டேன். ‘என்பது’ என்று ஆரம்பிக்கிற கட்டுரையை அதை எழுதியவர்கூட முழுதாகப் படித்ததில்லை.)

இரண்டாவது: மழை தூறிக்கொண்டிருந்த ஒரு மாலையில், ஜன்னலோரம் அமர்ந்து அவள் விசையை

(விசையை என்ன செய்தாள்? எனக்கும் தெரியவில்லை. தவிர, அன்று நல்ல வெயில்.)

மூன்றாவது: படிப்பதற்குப் பத்துக் கட்டளைகள். ஒன்று, அதிகாலையில் எழு.

(சொல்கிற ஆளுக்கு ஒரு தகுதி வேண்டாமா? அடித்தாயிற்று.)

நான்காவது முறை, தத்துவத்தை விட்டுவிட்டு ஒரு ஆளைப் பிடித்தேன். என் தங்கையின் மகள், அதே டீச்சரின் மாணவி. வகுப்பில் அவளுக்கு ‘வானவில்’ என்று பட்டப்பெயர். காரணம், அவளுடைய இயற்பியல் புத்தகம். முக்கியமான வரிக்கு மஞ்சள், மிக முக்கியமானதற்குப் பச்சை, சூத்திரத்துக்கு ரோஜா நிறம், டீச்சர் இரண்டு தடவை சொன்னதற்கு நீலம். ஆரஞ்சு எதற்கென்று அவளுக்கே மறந்துவிட்டது. வெள்ளையாக மிச்சம் இருந்தது பக்க எண் மட்டும்தான்.

அவள் படிக்கிற விதமும் வண்ணமயமானது. புத்தகத்தில் போட்டுக் காட்டியிருக்கும் கணக்கை மேலிருந்து கீழே படிப்பாள். தலையை ஆட்டுவாள். “புரிஞ்சிடுச்சு.” அடுத்த கணக்கு. “புரிஞ்சிடுச்சு.” ஒரே மாலையில் ஒரு பாடமே புரிந்து தீர்ந்துவிடும். மாதிரித் தேர்வில் இருபதுக்கு மூன்று வாங்கினாள். அதிலும் ஒன்று, படம் அழகாக இருந்ததற்கு.

அது மேல்நிலை இயற்பியலுக்கென்றே உள்ள தனி வகுப்பு. அங்கே ஒரு விதி உண்டு. முதல் தேர்வில் இருபதுக்குப் பத்து எடுக்காதவர்களைச் சாதாரணப் பிரிவுக்கு மாற்றிவிடுவார்கள். தேர்வுக்கு ஒரு வாரம்தான் இருந்தது. சாதாரணப் பிரிவில் ஒரு குறையும் இல்லை. உலகத்தில் பெரும்பாலோர் அங்கே படித்துத்தான் சௌக்கியமாக இருக்கிறோம். ஆனால் இவளுக்கு இந்த வகுப்புதான் வேண்டும். அதற்குக் காரணம் ஒரு இரும்புக் குண்டு.

முதல் நாளே டீச்சர் கூரையிலிருந்து கயிற்றில் ஒரு இரும்புக் குண்டைத் தொங்கவிட்டாராம். அதை ஒருவருடைய மூக்கு நுனிவரை இழுத்துப் பிடித்து, தள்ளாமல் விட்டுவிடுவார். குண்டு போகும், திரும்பி வரும், மூக்கைத் தொடாது. அசையாமல் நிற்க யார் வருகிறீர்கள் என்று கேட்டார். எல்லோரும் செருப்பைக் குனிந்து பார்த்தபோது எழுந்து போனவள் வானவில்.

“மாமா! வந்துச்சு மாமா! இவ்ளோ கிட்ட வந்துச்சு! தொடவே இல்ல! எங்க நிக்கணும்னு அதுக்குத் தெரியும் மாமா!”

“குண்டுக்கா?”

“விதிக்கு!”

அந்த முகத்தைச் சாதாரணப் பிரிவுக்கு அனுப்புகிற தைரியம், கதாசிரியன் என்ற முறையில், எனக்கு இல்லை.

3

(இதுவரை எழுதியதைக் கதாபாத்திரம் தோளுக்குப் பின்னால் நின்று படித்துவிட்டது. “ரோஜா நிறம் இல்ல மாமா, பிங்க்.” “தமிழ்ல எழுதறேன்மா.” “அப்ப அந்த மூணு மார்க்கையும் தமிழ்ல கொஞ்சம் பெரிசா எழுதுங்க.” கதாபாத்திரங்களைச் சொந்தத்தில் எடுக்கக் கூடாது.)

டீச்சர் அவளிடம் ஒன்று சொல்லியிருந்தார்: “புரிஞ்சுதுன்னு உனக்கு நீயே சொல்லிக்காதே. புத்தகம் இல்லாம வேற யாருக்காவது சொல்லு. எந்த இடத்துல நாக்கு நிக்குதோ, அதுதான் நீ படிக்க வேண்டிய இடம்.”

முதலில் என்னிடம் வந்தாள். நான் தலையாட்டினேன். இது எழுத்தாளர் கூட்டங்களில் பழகிய தலை. மேடையில் யார் என்ன சொன்னாலும் ஆடும். அவளுக்கு ஒரு நிமிஷம் சந்தோஷம். பிறகு சந்தேகம்.

“என்ன புரிஞ்சுது, சொல்லுங்க?”

“விசை... இருக்கு.”

“போங்க மாமா!”

[இடையில் ஒரு குறிப்பு: தலையாட்டுகிறவர்களிடம் பாடம் சொல்லிப் பார்க்காதீர்கள். அவர்கள் ஊக்கம் தருவார்கள். ஊக்கத்துக்கு மதிப்பெண் கிடையாது.]

அடுத்து அம்மாவிடம் போனாள். என் தங்கை, வீட்டின் முன்னறையில் அழகு நிலையம் நடத்துகிறாள். இரண்டு சாய்வு நாற்காலி, சுவர் முழுக்கக் கண்ணாடி, கம்பியில் காயும் துண்டுகள். அன்று ஒரு நாற்காலியில் ஒருவருக்குப் புருவம் திருத்திக்கொண்டிருந்தாள். நூலின் ஒரு முனை பல்லிடுக்கில்.

“அம்மா, நீயாவது கேளேன்.”

“கையில நூல், வாயில நூல். காதை மட்டும் தனியாக் கழட்டித் தரட்டுமா? அதோ, படுத்திருக்காங்க பாரு. அவங்ககிட்ட சொல்லு. அவங்களால எந்திரிச்சு ஓட முடியாது.”

இன்னொரு நாற்காலியில் ஒரு பெண் வங்கி மேலாளர். முகம் முழுக்கக் களிமண் பூச்சு, கண்ணுக்கு இரண்டு வெள்ளரித் துண்டு. பூச்சு காயும்வரை பேசக் கூடாது, சிரிக்கக் கூடாது, விரிசல் விட்டுவிடும். ஏதாவது வேண்டுமென்றால் விரலைத் தூக்கலாம். இது கடைச் சட்டம். நாள் முழுக்க அடுத்தவர்களைக் காத்திருக்க வைப்பவர், இங்கே மட்டும்தான் அசையாமல் கிடப்பார்.

“ஆன்ட்டி, புரியலேன்னா விரலைத் தூக்குங்க, சரியா?” என்று வானவில் ஆரம்பித்தாள். “மேசை மேல ஒரு புத்தகம் இருக்கு. பூமி அதைக் கீழ இழுக்குது. மேசை அதை மேல தள்ளுது. ரெண்டும் சமம், எதிர் எதிர். இதான் மூன்றாம் விதி. எந்த விசைக்கும் சமமா ஒரு எதிர்விசை உண்டு.”

விரல் எழுந்தது.

மறுபடியும் சொன்னாள், கொஞ்சம் சத்தமாக. சத்தமாகச் சொன்னால் தெளிவாகிவிடும் என்று நாம் எல்லோரும் நம்புகிறோம். விரல் இன்னும் உயர்ந்தது.

“இல்ல ஆன்ட்டி, புத்தகத்துல அப்படித்தான்...” என்று கையைத் துழாவினாள். புத்தகம் உள்ளறையில் இருந்தது.

விரல் இப்போது வேகமாக ஆடியது. ஒரு வங்கி மேலாளர் இவ்வளவு தீவிரமாக எதிர்க்கிறார் என்றால் எங்கோ தப்பு. வானவில்லின் காது சிவந்தது. புருவப் பென்சிலை எடுத்துச் சுவர்க் கண்ணாடியில் ஒரு கட்டம் வரைந்தாள். மேசை இல்லை, பூமி இல்லை, புத்தகம் மட்டும் தனியாக. கேட்கிறவரின் கண்ணில் வெள்ளரிக்காய் இருந்ததால், வரைவதையெல்லாம் வாயாலும் சொல்ல வேண்டியிருந்தது.

“இது புத்தகம் ஆன்ட்டி. கீழ ஒரு அம்பு. பூமி, புத்தகத்து மேல. மேல ஒரு அம்பு. மேசை, புத்தகத்து மேல. அப்புறம்... இருங்க. ரெண்டுமே புத்தகத்து மேல!”

தங்கை நூலை நிறுத்தினாள். அவள் கையில் இருந்தவருக்கு ஒன்றரைப் புருவம்.

“நான் ஒருத்தரைத் தள்ளினா அவங்கதானே என்னைத் திருப்பித் தள்ளணும்? அப்ப ரெண்டு அம்பும் ஒரே ஆள் மேல எப்படி இருக்கும்? இது ஜோடியே இல்ல! மேசை புத்தகத்தைத் தள்ளுதா, புத்தகம் மேசையைத் தள்ளுது. அது ஒரு ஜோடி. பூமி புத்தகத்தை இழுக்குதா, அப்ப...” பென்சில் முனை உடைந்தது. “அம்மா! புத்தகம் பூமியை இழுக்குது!”

“எந்தப் புத்தகம்?” என்றாள் தங்கை.

“எல்லாப் புத்தகமும்! மாமா எழுதின புத்தகம்கூட!”

“அப்பாடா, அது ஒண்ணையாவது இழுக்குதே.”

களிமண் சிரித்தது. நெற்றியிலிருந்து தாடைவரை ஒரே விரிசல்.

முகம் கழுவி முடிந்ததும் வானவில் பயபக்தியோடு கேட்டாள்: “ஆன்ட்டி, நான் சொன்னது தப்புன்னு எப்படிக் கண்டுபிடிச்சீங்க?”

“எந்தத் தப்பு?”

“விரலைத் தூக்கினீங்களே!”

“காதுக்குப் பின்னாடி அரிச்சுதும்மா. எவ்வளவு நேரமாத் தூக்கறேன், ஒருத்தரும் சொறிய வரலியே!”

4

இந்த இடத்தில் நல்ல எழுத்தாளன் நிறுத்தியிருப்பான். எனக்கு இன்னும் மூன்று பக்கம் பாக்கி.

நடந்ததையே சொல்கிறேன். அந்த வாரம் முழுக்கக் கடையில் வகுப்பு நடந்தது. முடி வெட்டிக்கொள்ள மட்டும் வந்த துணிக்கடை அக்கா, “எனக்கும் பூச்சு போட்டுடு. நேத்து பூமியை இழுத்ததோட நின்னுடுச்சாமே, மீதி என்ன?” என்று சாய்ந்துகொண்டார். “இன்னைக்கு உராய்வு” என்று மகள் ஆரம்பித்தால், “புருவம் எடுக்கிறப்ப அந்தப் பேச்சு வேண்டாம், எரியுதுங்கிறாங்க” என்று அம்மா அதட்டினாள்.

ஆனால் எல்லாவற்றையும் களிமண்ணே செய்துவிட்டது என்று எழுதினால் டீச்சர் என்னை உதைப்பார். கடை மூடியபின் வானவில் புத்தகத்தை மூடிவைத்து ஒரு கணக்கைத் தானாகப் போடுவாள். மூன்றாவது வரியில் முட்டிக்கொள்ளும். புத்தகத்தைத் திறந்து, அந்த ஒரு வரியை மட்டும் பார்த்து, மறுபடி மூடி, முதலிலிருந்து. ஒரு மாலைக்கு இரண்டே கணக்கு, இரண்டையும் திட்டிக்கொண்டே. சறுக்கிய கணக்கை மறுநாள் பார்க்காமல் இன்னொரு தடவை. ஆரஞ்சு நிறத்துக்கு இப்போது ஒரு வேலை கிடைத்தது: தான் தடுக்கி விழுந்த இடத்துக்கு மட்டும் அது. மற்ற நிறங்கள் எல்லாம் ஓய்வு.

[டீச்சர் ஓரத்தில் எழுதியது: “சூத்திரத்தைத் தேடுவதற்கு முன் படம் என்று சேர்க்கவும். விடைக்குப் பின்னால் அலகு என்று மூன்று தடவை சேர்க்கவும்.” சேர்த்தாயிற்று. அலகு, அலகு, அலகு.]

இந்த வரைவைத் தலைமையாசிரியரிடம் கொடுத்தேன். மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். அவர் கண்ணாடியைக் கழற்றினால் அறிவியலின் மாண்பு பேசப் போகிறது என்று பொருள்.

“அழகு நிலையம் வேண்டாமே ஐயா. ஆய்வகம் என்று போடுங்கள்.”

“ஆய்வகத்தில் யாரும் முகத்தில் களிமண் பூசிக்கொண்டு படுத்திருக்க மாட்டார்களே?”

அவர் யோசித்தார். “மண் ஆய்வு என்று போடுங்கள்.”

இப்படி ஒரு வரி எனக்கு ஆயுளில் ஒருமுறை கிடைத்தால் பெரிது. அவருக்குத் தானாக வருகிறது.

5

தேர்வு முடிந்தது. விடைத்தாள் வருவதற்குள் நான் மூன்று முடிவுகளை எழுதி வைத்துக்கொண்டேன்.

முடிவு அ: இருபதுக்கு இருபது. கைதட்டல். துணிக்கடை அக்கா ஆனந்தக்

“பொய்” என்றாள் வானவில். “ரெண்டாவது கணக்குல அலகு போட மறந்துட்டேன். எனக்கே தெரியும்.”

(டீச்சருக்கு இதைச் சொல்ல வேண்டாம்.)

முடிவு ஆ: அவள் தோற்கிறாள், ஆனால் மதிப்பெண்ணை விடப் பெரிய ஒன்றை அடை

“இதைப் போட்டீங்கன்னா உங்ககூடப் பேச மாட்டேன். மார்க் முக்கியம் இல்லேன்னு மார்க் வாங்கினவங்கதான் மாமா சொல்லலாம். எனக்கு இந்த வகுப்பு வேணும்.”

முடிவு இ: கேள்வித்தாளைத் திருப்பினால், முதல் கேள்வியே மேசை மேல் ஒரு புத்த

“வரவே இல்ல. சரிவுல ஒரு பெட்டி, லிஃப்டுக்குள்ள ஒரு ஆள். நான் பார்த்ததே இல்லாத கணக்கு ரெண்டும். முதல்ல கேள்வியை ரெண்டு தடவை படிச்சேன். அப்புறம் பெட்டியைத் தனியா வரைஞ்சேன், ஆளைத் தனியா வரைஞ்சேன், அம்பு போட்டேன். யார் யாரைத் தள்ளறாங்கன்னு மெதுவாச் சொல்லிக்கிட்டே போட்டேன். பக்கத்து பெஞ்சுல இருந்தவன் என்னைப் பேய் பிடிச்ச மாதிரி பார்த்தான்.” சொல்லும்போதே அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. “ஜாலியா இருந்துச்சு மாமா. பரீட்சை!”

“சரிம்மா, அப்ப முடிவுக்கு என்ன எழுத?”

“எழுதாதீங்க. விடையைக் கீழேயே அச்சடிச்சுட்டா ஒருத்தரும் யோசிக்க மாட்டாங்க.”

எவ்வளவு பெரிய வார்த்தை! நான் எழுந்து நின்றேன். ஆகவே, வாசகரே, வரலாற்றின் இந்தக் கட்டத்தில் முடிவை உங்கள் கையில் ஒப்படைக்கிறேன். அவள் பெட்டியையும் ஆளையும் பார்த்தீர்கள், அம்புகளைப் பார்த்தீர்கள், விட்டுப்போன அலகையும் பார்த்தீர்கள். இந்தப் பக்கத்தை மூடுங்கள். பத்துக்கு மேலா, கீழா? நீங்களே வரையுங்கள், நீங்களே போடுங்கள், நீங்களே தவறுங்கள். எந்த ஆசை காட்டினாலும், எத்தனை பேர் வாசலில் வந்து கெஞ்சினாலும், இந்தப் பேனா அந்த எண்ணை ஒருபோதும் வெளியிடாது.

பதினொன்று.