கீழே இறங்கிப் போன கார்டுக் கடை

க்ளெனிஸ் ஆர்மிட்டேஜுக்கு அறுபது வயது நிறைந்த மறுநாள் காலையில், மார்ஸ்பி ஊரின் ஹை ஸ்ட்ரீட்டில் அவள் நடத்திவந்த மலிவு விலைக் கார்டுக் கடை தெருச் சரிவில் ஒரு கடை கீழே தள்ளி நின்றது. முந்தின நாள் மாலை வரை மூடிய வங்கிக்கு நேர் எதிரே இருந்த கடை, இப்போது செருப்புக் கடை காலிசெய்துவிட்டுப் போன இடத்தில் இருந்தது. கண்ணாடியில் விரிசல் விழவில்லை, கார்டுகள் சரியவில்லை, ஹீலியம் பலூன்கள் அதே கொத்தாகக் கூரையை முட்டிக்கொண்டிருந்தன. க்ளெனிஸ் சாவியைப் போட்டுத் திருகினாள், கதவு திறந்தது, விளக்கைப் போட்டுக் கல்லாவுக்குப் பின்னால் போய் நின்றாள். தபால்காரர் இரண்டு தடவை நிமிர்ந்து பார்த்துவிட்டுத் தபாலைப் போட்டார். அன்று மழை, வியாபாரம் சுமார்.

அந்தத் தெருவில் ஒரு காலத்தில் ஐந்து கார்டுக் கடைகள் இருந்தன. வாழ்த்துக் கார்டு ஒன்றை மெல்லிய தாளில் சுற்றி, நகை மாதிரி நீட்டுவார்கள். பிறகு க்ளெனிஸின் கடை வந்தது. ஒரு பவுண்டுக்கு ஏழு கார்டு. ஊர் அந்தக் கடையை மலிவு, மட்டம் என்று வாய்நிறையத் திட்டியது, கைநிறைய வாங்கிக்கொண்டும் போனது. மருமகளின் அம்மாவுக்கு, நாயே தன் எஜமானனுக்கு அனுப்புவது மாதிரி, இன்னும் பிறக்காத பேரனுக்கு என்று இல்லாத உறவுக்கும் அங்கே கார்டு இருந்தது. மார்ஸ்பிக்காரர்கள் வாயைத் திறந்து ஒரு நல்ல வார்த்தை சொல்வதற்குப் பதில் பல்லையே பிடுங்கிக்கொள்வார்கள். ஆகவே அவர்களுக்குக் கார்டு தேவைப்பட்டது. மற்ற ஐந்து கடைகளும் ஒவ்வொன்றாகப் பூட்டின. அப்புறம் கைபேசி வந்து பிறந்தநாளெல்லாம் கட்டைவிரலுக்குள் போனது. ஸ்டாம்பின் விலை கார்டின் விலையைத் தாண்டிய வருஷம், ஊர்க்காரர்கள் கார்டை நடந்தே கொண்டுபோய்க் கதவின் தபால் துளையில் தள்ளிவிட்டு, உள்ளே இருப்பவர் வந்து பேச்சுக் கொடுப்பதற்குள் ஓட்டம் பிடிக்கப் பழகிக்கொண்டார்கள். இதற்கிடையில் இறைச்சிக் கடை, துணிக் கடை, வங்கி என்று தெருவே காலியாகிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு கடை மூடும்போதும் மிச்சமிருப்பவர்கள் சேர்ந்து, ‘நீங்கள் போவதில் வருத்தம்’ என்று அச்சடித்த விடைபெறும் கார்டு ஒன்றை க்ளெனிஸிடம்தான் வாங்கிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள். சில வருஷங்களில் பிறந்தநாள் கார்டைவிட அதுதான் அதிகம் விற்றது.

க்ளெனிஸுக்கு ஒரு கொள்கை உண்டு. யார் எந்தக் கார்டை நீட்டினாலும் அதைக் கவிழ்த்து வைத்துத்தான் காசு வாங்குவாள். ஒருவர் இன்னொருவருக்கு என்ன சொல்கிறார் என்று பார்ப்பது, குளியலறையை எட்டிப் பார்ப்பதற்குச் சமம் என்பது அவள் எண்ணம். இந்தக் கொள்கைதான் வினையாக முடிந்தது.

வங்கிச் சுவரை ஒட்டி ஒரு பெட்டிக்கடையில் சாவி வெட்டி, செருப்பு தைத்துக்கொண்டிருந்தவன் வில்ஃப் சக்டன். மனைவி போய்ப் பல வருஷம், பிள்ளை இல்லை, கார்டு அனுப்ப ஒரு ஆளும் இல்லை. அப்படிப்பட்டவன் வெள்ளிக்கிழமை தவறாமல் க்ளெனிஸின் கடையில் ஒரு பவுண்டுக்குக் கார்டு வாங்கினான். எதற்கு என்று அவளும் கேட்கவில்லை, ஊரும் கேட்கவில்லை. அவளுடைய அறுபதாவது பிறந்தநாளுக்குத் தெருவின் சார்பில் கார்டு வாங்கும் பொறுப்பை வில்ஃப் தானாகவே ஏற்றுக்கொண்டான். யாரோ வாங்காமல் தவறான அடுக்கில் செருகிவிட்டுப் போயிருந்த கார்டு ஒன்று, பலூன் படம் போட்டு, பிறந்தநாள் வரிசையில் இருந்தது. அவன் கண்ணாடி பெட்டிக்கடையில் இருந்தது. பலூன் தெரிந்தது, எழுத்து தெரியவில்லை. க்ளெனிஸ் தனக்கு வரப்போகும் கார்டைத் தானே கவிழ்த்து வைத்துக் காசு வாங்கிப் பையில் போட்டுக் கொடுத்தாள்.

அன்றே, கண்ணாடியைப் போட்டுக்கொள்ளாமலே, கார்டின் உட்பக்கத்தில் தன் பெயரை எழுதினான் வில்ஃப். நெடுநேரம் பேனாவைக் கடித்துக்கொண்டிருந்துவிட்டு, பெயருக்குக் கீழே சின்னதாக ஒரு பெருக்கல் குறி போட்டான். அந்த ஊரில் அது முத்தம். மற்றவர்கள் கேஸ் பில்லுக்குக்கூடப் போடுவார்கள். வில்ஃப் யாருக்கும் போட்டதில்லை. பிறகு கார்டு பழுப்பு உறைக்குள் கடை கடையாகத் திருட்டுத்தனமாகப் போனது. அட்டையைப் பார்த்தவர்கள், அடுத்தது இவள் கடைதான் போலிருக்கிறது என்று பெருமூச்சு விட்டார்கள், ஆச்சரியப்படவில்லை. பார்க்காதவர்கள் பிறந்தநாள் என்று நினைத்தார்கள். ரொட்டிக் கடை மாரீன், ‘மெனி ஹேப்பி ரிட்டர்ன்ஸ்’ என்று எழுதினாள்.

பிறந்தநாள் மாலையில் எல்லோரும் சுற்றி நிற்க க்ளெனிஸ் உறையைப் பிரித்தாள். ‘நீங்கள் போவதில் வருத்தம்.’ கடைக்குச் சொந்தக்காரக் கம்பெனியின் தலைமை அலுவலகம் அதை மூடப்போகிறது, தனக்கு முன்னால் ஊருக்குத் தெரிந்துவிட்டது என்று புரிந்துகொண்டாள். மாரீன் எழுதியதை, அவ்வப்போது திரும்பி வந்து பார்த்துவிட்டுப் போ என்பதாக எடுத்துக்கொண்டாள். இத்தனை பேர் காசு போட்டு வாங்கிக் கொடுத்திருக்கும்போது, நான் எங்கேயும் போகவில்லையே என்று சொல்வது மரியாதையா? “அடடா, இதெல்லாம் எதுக்கு?” என்றாள். அவள் கண் கலங்கியதைப் பார்த்தவர்கள் கேக்கைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்கள். அன்று இரவுதான் கடை முதல் தடவையாக ஒரு இடம் கீழே இறங்கியது. ஊரே கையெழுத்துப் போட்டு வழியனுப்பிய பிறகு கட்டடம் மட்டும் எப்படி நிற்கும்?

வசந்தம் முழுக்கக் கடை இறங்கிக்கொண்டே இருந்தது. காலியான கடைகள் அடுத்தடுத்து இருந்ததால் அதற்கு இடத்துக்குப் பஞ்சமில்லை. ஆள் இருக்கும் கடை வந்தால் அதைத் தொந்தரவு செய்யாமல் தாண்டி அடுத்த காலி இடத்தில் உட்காரும். நகராட்சி ஒவ்வொரு தடவையும் புதிய முகவரிக்கு வரி நோட்டீஸ் அனுப்பியது. சரக்கு வண்டிக்காரர் தெருவின் தலைமாட்டிலிருந்து தேடிக்கொண்டே இறங்கக் கற்றுக்கொண்டார். க்ளெனிஸும் அதோடு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தாள். முதலில் நிழல் போனது, பிறகு காலடிச் சத்தம், அப்புறம் கல்லாவின் கண்ணாடியில் அவள் முகம் விழுவது நின்றது. தெருவின் கடைசியில் பஸ் நிலையம். அதற்கப்பால் பாலம், நெடுஞ்சாலை. அங்கே கடை எதுவும் இல்லை. அதைத் தாண்டினால் கடையும் அவளும் எங்கே போவார்கள் என்று யாருக்கும் தெரியாது.

மேலே வில்ஃபுக்கு எதிரே வெறும் கண்ணாடி. கார்டை வாங்கியதே தான்தான் என்பது உறைக்காமலே, அவள் போகிறாள் என்ற சேதியை ஊரோடு சேர்ந்து அவனும் நம்பினான். சாவிகளைத் தப்புத் தப்பாக வெட்டினான். பாதி ஊர் தன் வீட்டுக்குள் போக முடியாமல் திண்டாடியது.

மாரீன்தான் பொறுக்கமாட்டாமல் வந்தாள். “யோவ் வில்ஃப், நீ வெட்டுன சாவி என் பீரோவக்கூடத் தொறக்கல. மனசு முழுக்கக் கீழ இருந்தா கை எப்படி ஓடும்? போய்க் கேளேன்யா அவள.”

“என்னன்னு கேக்க?”

“ஏன் போறேன்னு கேளு.”

“அவங்க சொந்த விஷயம். கேட்டா நல்லாவா இருக்கும்?”

“நல்லா இருக்காதுதான்,” என்று மாரீனும் ஒத்துக்கொண்டாள். “ஆனா நாளைக்குக் கேக்க ஆள் இருக்காது. கட பஸ் ஸ்டாண்டுக்கே வந்துருச்சு.”

வில்ஃப் நடுப்பகலில் பெட்டிக்கடையைப் பூட்டினான். அப்படிப் பூட்டியதே கிடையாது. கார்டுக் கடை பஸ் நிலையத்தின் பழைய டிக்கெட் அறையில் பாதியும் நடைமேடையில் பாதியுமாக, பாலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றது. உள்ளே க்ளெனிஸ் இருந்தாள்; அவள் ஊடாகப் பின்னால் இருந்த பரிசுப் பைகள் தெரிந்தன. போகாதே என்று சொல்ல ஒரு கார்டு இருக்கிறதா என்று அவன் எல்லா வரிசையிலும் தேடினான். இரங்கலுக்கு இருந்தது, ஓட்டுநர் தேர்வில் தேறியதற்கு இருந்தது, இதற்கு மட்டும் இல்லை.

“என்ன வில்ஃப், ஏழு எடுத்தாச்சா?”

“கார்டு வேணாம்.” தொப்பியைக் கழற்றினான். “போகாதீங்க க்ளெனிஸ்.”

“நானா போறேன்? ஊரே சேந்து அனுப்பி வச்சுட்டு, இப்ப வந்து கையப் புடிச்சு இழுக்குறீங்களா? ஆபீஸ்லருந்து எனக்கு ஒரு வார்த்த வரல. உங்களுக்கெல்லாம் மட்டும் யாரு சொன்னா?”

“எங்களுக்கு யாரும் சொல்லலயே.”

கல்லாவுக்குப் பக்கத்தில் நிறுத்தி வைத்திருந்த கார்டை எடுத்து அவன் முன்னால் வைத்தாள். “அப்ப இது என்னவாம்?”

வில்ஃப் சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டான். படித்தான். மறுபடியும் படித்தான். காது இரண்டும் சிவந்துபோயின.

“இது உங்க பொறந்தநாளுக்கு வாங்குனது. பலூன் போட்டிருந்துச்சு.”

“பலூன் போட்டா பொறந்தநாளா? கண்ணு எங்கய்யா போச்சு?”

“நீங்களாவது பாத்திருக்கலாம்ல? உங்க கையாலதான வித்தீங்க.”

க்ளெனிஸுக்குச் சிரிப்பு வந்தது. முதலில் சத்தமில்லாமல்தான் சிரித்தாள், பிறகு சத்தம் வந்தது. சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு கார்டைத் திறந்து அவன் பெயருக்குக் கீழே இருந்த பெருக்கல் குறியின் மேல் விரலை வைத்தாள். “இதுவும் கண்ணாடி இல்லாமப் போட்டதுதானா? இத்தன வருஷம் யாருக்கும் போடாத மனுஷன், நான் போறப்பத்தான் போடத் தோணுச்சான்னு நெனச்சு நெனச்சுத் தூக்கம் போச்சு எனக்கு.”

“போறதுக்குப் போடல,” என்றான் வில்ஃப். “அது தெரிஞ்சுதான் போட்டேன்.”

அன்று பிற்பகல் கடைக்கு வந்தவர்கள் அவளை முழுசாகப் பார்த்தார்கள். கடை மேலே திரும்பிப் போகவில்லை. இறங்கி வந்த களைப்போ என்னவோ, பாலத்தைத் தாண்டவும் இல்லை. நகராட்சி இரண்டு கடிதம் அனுப்பிப் பார்த்துவிட்டு நடைமேடைக்கு ஒரு கதவு எண் கொடுத்தது. பஸ் ஓட்டுநர்கள் கொஞ்சம் வளைத்து ஓட்டினார்கள். பஸ்ஸுக்கு நிற்பவர்கள் சும்மா நிற்பானேன் என்று கார்டு வாங்கியதில் வியாபாரம்கூடப் பரவாயில்லாமல் போனது.

திங்கட்கிழமை காலை க்ளெனிஸ் வந்தபோது, கடையை உரசிக்கொண்டு வில்ஃபின் பெட்டிக்கடை நின்றது. வங்கிச் சுவரில் அதை இறுக்கியிருந்த போல்ட்டுகளும் கொஞ்சம் காரையோடு கூடவே வந்திருந்தன. அதற்கு யாரும் எந்தக் கார்டும் கொடுத்திருக்கவில்லை. அவள் அதை ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டு உள்ளே போய் டீக்குக் கெட்டிலில் தண்ணீர் வைத்தாள். வில்ஃப் வழக்கம்போல மேலே வங்கிக்குப் போனான். வெறும் சுவரைப் பார்த்தான். யாரிடமும் எதுவும் கேட்காமல் தெருவில் இறங்கி நடந்தான். அவன் வந்து சேர்ந்தபோது டீ இன்னும் ஆறவில்லை.