வைரவரின் பங்கு

மிருக வைத்தியர் செத்த ஆட்டின் மண்டையைப் பிளந்து காட்டினார். மூளைக்குள் கோழிமுட்டை அளவில் ஒரு நீர்ப்பை. அதற்குள் குறுணல்போல வெள்ளை மணிகள்.

“ஒவ்வொண்டும் ஒரு புழுத்தலை. நரி இதைத் திண்டால் அதின்ரை குடலுக்கை புழு வளரும். அது பேண்ட புல்லை உங்கடை ஆடு மேயும். தலையை எரிச்சுப் போடுங்கோ, தங்கச்சி.”

கேதீஸ்வரி எரித்தாள். மிச்சம் ஒரு கிடாய், சினையாய் ஒரு மறியாடு. கிடாய், மாமனார் ஏரம்பு வைரவருக்குப் பலியாக நேர்ந்தது. மறி அவளுடையது. புருசன் செத்த பிறகு அந்த வீட்டில் அவளுடையது என்று இருந்தது அது ஒன்றுதான்.

கிடாய் வெட்டும் வேள்விக்கு ஒரு கிழமை முன்னம் அது தலையைச் சரித்துக்கொண்டு இடப்பக்கமாகச் சுற்றத் தொடங்கியது. சுவரில் முட்டி விழுந்தது. எழும்பி மறுபடி சுற்றியது.

ஏரம்பு கும்பிட்டார். “கலை வந்திட்டுது! வைரவர் இறங்கியிருக்கிறார்.”

“மாமா, அது புழு.”

“வாயைக் கழுவடி.”

ஊர் திரண்டு வந்தது. பக்கத்து வீட்டுப் பாலேஸ்வரி நிலத்தில் கற்பூரம் கொளுத்தினாள். புழுவால் கண் தெரியாமல் போன கிடாய் நெருப்பை மிதித்துக்கொண்டு சுற்றியது.

“பாருங்கோ, சுடேல்லை!”

வேள்வியன்று அது நிற்கவில்லை. சுற்றச் சுற்ற வெட்டினார்கள். முதல் வெட்டு தோளில் விழுந்தது.

கேதீஸ்வரி தலையைக் கேட்டாள். “எரிக்கவேணும், மாமா. என்ரை மறி சினையாய் நிக்குது.”

“தலை வைரவற்றை நாயின்ரை பங்கு. என்ரை மோனைத் திண்டது காணாதோ உனக்கு?”

“குழம்பு வைக்கப்போறாள் போலை,” என்றாள் பாலேஸ்வரி. எல்லாரும் சிரித்தார்கள்.

பனை வடலிக்குள் ஊளையிடும் நரிதான் ஏரம்புவுக்கு வைரவரின் நாய். வாழையிலையில் தலையை வைத்துவிட்டு வந்தார். பொழுதுபடும் நேரம் கேதீஸ்வரி மண்ணெண்ணெயோடு போனாள். இலை மட்டும் கிடந்தது.

அதன் பிறகு மறியைக் கட்டியே வளர்த்தாள். வீட்டுவளவுக் குழை வெட்டிப் போட்டாள். அவள் தோட்டவேலைக்குப் போன பகல்களில் ஏரம்பு அதை அவிழ்த்து வடலிக்குள் விட்டார்.

“கட்டின ஆடு ஒழுங்காய்க் குட்டி போடாது,” என்றார், அவள் கண்டு கேட்டபோது.

மாரி முடிய மறி இரண்டு குட்டி போட்டது. அவை பால் மறக்க முன்னமே, ஒரு காலை, அது கட்டையை இடப்பக்கமாகச் சுற்றிக்கொண்டிருந்தது. குட்டிகள் மடியைத் தேடிப் பின்னால் சுற்றின. கயிறு குறுகிக் கழுத்தை இறுக்கியது.

ஏரம்பு செவ்வரத்தம்பூ மாலையோடு வந்தார்.

“பாத்தியோ, நீ குடுக்காததை அவரே எடுக்கிறார். தலையை இந்தமுறை நீயே கொண்டுபோய் வை, பிள்ளை.”